பிரிட்டிஷ் ராக் குழுவான கிங் கிரிம்சனை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்? இத்தனை முறை ஆள் மாறிய குழுவை ஒரே குழு என்று எப்படிச் சொல்வது? இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் முதல் ஆல்பத்தைக் கேட்டு மயங்கி, அதே மயக்கம் அடுத்தடுத்த ஆல்பங்களிலும் கிடைக்கும் என்று போய் ஏமாந்து திரும்பியவர் என்று நினைக்கிறேன். பலருக்கும் நடப்பது இதுதான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வெளிவந்த வரிசையில் கேட்காதீர்கள். முதலில் 1974இல் வந்த 'ரெட்'. அடுத்தது 1981இன் 'டிசிப்ளின்'. அதற்கப்புறம்தான் 1969இன் முதல் ஆல்பமான 'இன் தி கோர்ட் ஆஃப் தி கிரிம்சன் கிங்'. இந்த மூன்றும் பிடித்துப்போனால் 1973இன் 'லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்'. ஸ்டுடியோ ஆல்பங்கள் மொத்தம் 13. மிச்சம் எங்கும் ஓடிப்போகாது.

முதல் ஆல்பத்தை மூன்றாவது இடத்துக்குத் தள்ளியதற்கு மூத்த ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. 1969 ஜனவரி 13 அன்று லண்டனில் ஒரு காபிக் கடையின் அடித்தளத்தில் ஒத்திகை தொடங்கியவர்கள், ஜூலை 5இல் ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்தார்கள். அக்டோபரில் ஆல்பம் வந்து பிரிட்டனில் 5ஆம் இடம் வரை போனது. டிசம்பரில் இயன் மெக்டொனால்டும் டிரம்ஸ் வாசித்த மைக்கேல் கைல்ஸும் விலகிவிட்டார்கள். நீங்கள் மயங்கிய அந்தச் சத்தத்தில் மெக்டொனால்டின் கை மிகப் பெரியது. புல்லாங்குழல், சாக்ஸபோன், மெலோட்ரான் மூன்றும் அவர்தான். அவர் போன பிறகு அந்தச் சத்தத்தை அடுத்த ஆல்பத்தில் தேடினால் கிடைக்குமா?

மெலோட்ரானைப் பற்றிச் சொல்லாமல் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச முடியாது. பார்க்கக் கீபோர்டு மாதிரி இருக்கும், உள்ளே இருப்பது டேப். ஒரு விசை வரிசையில் 35 விசைகள், ஒவ்வொரு விசைக்கும் கீழே தனித்தனியாக ஒரு டேப் துண்டு, அதில் உண்மையான வயலின்களோ புல்லாங்குழலோ ஒரே சுரத்தை வாசித்த பதிவு. விசையை அழுத்தினால் டேப் துண்டு, பதிவைப் படிக்கும் ஹெட்டோடு ஒட்டும், சுழலும் தண்டு அதை இழுக்கும். விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுபோகும். துண்டு ஓடுவது சுமார் 8 விநாடி. அதற்கு மேல் அந்தச் சுரம் இல்லை. விரல் அழுத்தியபடியே இருக்கும், சத்தம் மட்டும் நின்றுவிடும். இனி அந்த ஆல்பத்தின் 'எபிடாஃப்' பாட்டைக் கேட்கும்போது கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்கள்) எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை மாறுகின்றன என்று கவனியுங்கள். எல்லா டேப்பையும் ஒரே மோட்டார் இழுப்பதால், நிறைய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் வேகம் குறையும், சுருதி இறங்கும். அரங்கத்தின் மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் அதே கதை. டேப் முழுதும் திரும்புவதற்குள் மறுபடி அழுத்தினால் சுரம் நடுவிலிருந்து ஆரம்பிக்கும். லேசாக நடுங்கும் அந்தச் சோகம் பாதி இசையமைப்பு, பாதி இயந்திரக் கோளாறு.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ஆரம்பம் முதல் கடைசி வரை இருந்தவர் கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃப்ரிப் ஒருவர்தான். உடனே 'அப்படியென்றால் அது ஃப்ரிப்பும் கூலிக்கு வந்தவர்களும்' என்று எழுதுவதற்கு ஒருவர் காத்திருப்பார். 'ரெட்' ஆல்பத்தின் கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்' அதற்குப் பதில். மெல்லிய பாடல் பகுதியின் கரு பாடகரும் பேஸ் கலைஞருமான ஜான் வெட்டனுடையது. அது முந்தைய ஆல்பத்துக்கு ஒத்துவராது என்று ஒதுக்கப்பட்டது. நடுவில் 13 அடிக் கணக்கில் நகரும் அந்தப் பேஸ் வரி, டிரம்ஸ் வாசித்த பில் ப்ரூஃபோர்டு கொண்டுவந்தது. அதன்மேல் ஃப்ரிப் செய்வது ஒரே சுரத்தை இரண்டு கம்பிகளில் திரும்பத் திரும்ப மீட்டி, மெதுவாக மேலே ஏறுவது மட்டும். நான்கு நிமிடத்துக்கு மேல் வேறு எதுவும் கிடையாது. முதல் தடவை பொறுமை போகும். ஆனால் கிட்டாரை விட்டுவிட்டு டிரம்ஸை மட்டும் தொடர்ந்து போய்ப் பாருங்கள். ஏற்றத்தின் எடை முழுதும் அங்கேதான் இருக்கிறது.

அந்த ஆல்பம் கடைக்கு வருமுன்பே குழுவைக் கலைத்துவிட்டார் ஃப்ரிப். ஏழு வருடம் கழித்து அவரும் ப்ரூஃபோர்டும், கிட்டார் வாசித்துப் பாடும் ஏட்ரியன் பெலூ, பேஸ் வாசிக்கும் டோனி லெவின் ஆகியோரோடு சேர்ந்து ஒரு புதிய குழு. முதலில் அதற்கு 'டிசிப்ளின்' என்றுதான் பெயர், பிறகே பழைய பெயர் வந்தது. மெலோட்ரான் இல்லை, சாக்ஸபோன் இல்லை, பெரிய சோலோக்கள் குறைவு. இரண்டு கிட்டார்கள் பின்னிக்கொண்டு ஓடுகின்றன, அவ்வளவுதான். 'ஃப்ரேம் பை ஃப்ரேம்' பாட்டில் ஒருவர் 7இன் கணக்கில் போக, மற்றவர் இரண்டு சுற்றுக்கு ஓர் அடியைக் குறைத்து 13இல் போகிறார்.

இதைக் காதால் பிடிக்க ஆசையிருந்தால் இரண்டு பேர் உட்காருங்கள். ஒருவர் 'தகிட தகதிமி' என்று இரண்டு முறை சொல்ல வேண்டும், அது 14. மற்றவர் 'தகிட தகதிமி தகிட தகிட' என்று சொல்ல வேண்டும், அது 13. ஒரே வேகம், ஒரே நேரத்தில் ஆரம்பம். இரண்டாம் சுற்றில் 13காரர் ஓர் அடி முந்தியிருப்பார், மூன்றாவதில் இரண்டு அடி. 182ஆவது அடி முடிந்தபின்தான் இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்குவார்கள். பெரும்பாலும் நாலைந்து சுற்றுக்குள் கெட்டுப்போகும், கெடுப்பவர் 13காரர்தான். எதிராளியின் 'தகிட' காதில் விழுந்ததும் தன் கணக்கை விட்டு அதில் போய் ஒட்டிக்கொள்வார். மெட்ரோனோம் வைத்தால் அடிக்கு ஒரு கிளிக் மட்டும் வையுங்கள். சுற்றின் முதல் அடிக்குத் தனிச் சத்தம் வைத்தால் அது இரண்டு பேரில் ஒருவருடையதாகிவிடும், இன்னொருவர் தொலைந்தார்.

கர்நாடக சங்கீதத்திலிருந்து எடுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் பகிராதீர்கள். அந்தக் காலகட்டத்துக்கு சிறு துணுக்குகளைத் திரும்பத் திரும்ப வாசிக்கும் அமெரிக்க மினிமலிச இசையையும், உலோகத் தாள வாத்தியங்கள் சேர்ந்த இந்தோனேசியாவின் கேமலானையும்தான் விமர்சகர்கள் சுட்டுவார்கள். நம் சொற்கட்டு எண்ணுவதற்கு வசதி, அதற்கு மேல் இல்லை.

கிட்டார் வாசிப்பவராக இருந்தால் ஃப்ரிப்பின் சுருதியையும் முயன்று பார்ப்பீர்கள். 80களின் நடுவில் தன் கிட்டார் வகுப்புகளுக்கு அவர் கொண்டுவந்தது, இடையில் மறுபடி கலைந்த குழு 1994இல் திரும்பியபின் குழுவிலும் அதுதான். தடித்த கம்பியிலிருந்து சி, ஜி, டி, ஏ, இ, ஜி. மேலும் ஓர் ஐந்தாம் இடைவெளி (சியிலிருந்து ஜிக்கு உள்ள தூரம்) வைத்து உச்சத்தில் பி கொண்டுவர நினைத்தார், கம்பி தாங்காததால் ஜியோடு நின்றது. வழக்கமான சுருதியிலிருந்து மாறும்போது ஆறாவது கம்பி இயிலிருந்து சிக்கு இறங்கும், ஐந்தாவது ஏயிலிருந்து ஜிக்கு இறங்கும், நாலாவது அப்படியே. மூன்றாவது ஏக்கு ஏறும். இரண்டாவது பியிலிருந்து இக்கு ஏற வேண்டும், அறுவது இங்கேதான். சாதாரண செட்டில் 16 தடிமன் (அங்குலத்தின் ஆயிரத்தில் 16 பங்கு) இருக்கும் அந்த இடத்தில் 13 போடுங்கள். இயிலிருந்து ஜிக்கு ஏறும் முதல் கம்பிக்கு 11 போதும். மூன்றாவதற்குச் சுற்றுக்கம்பியாக 22, பிறகு 32, 46. ஆறாவதற்கு 56க்குக் குறைந்தால் சி தொளதொளவென்று கிடக்கும். அவ்வளவு தடித்த கம்பி, கிட்டார் கழுத்தின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளத்தில் இறங்காவிட்டால் அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும், அதைத் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள். 'ரெட்' காலத்துப் பாடல்களைக் கற்க இதெல்லாம் வேண்டாம், அவை வழக்கமான சுருதியில் வாசிக்கப்பட்டவை.

கம்பி என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர்க் கடைகளில் 9, 10 செட்டைத் தவிர எதையும் வைப்பதில்லை. தனிக் கம்பி கேட்டால் ஏதோ கள்ளக் கடத்தல் சரக்கு கேட்ட மாதிரி பார்க்கிறார்கள். 46க்கு மேல் ஒற்றைக் கம்பி வேண்டுமென்றால் ஆன்லைனில் முழு செட் வாங்கி ஐந்தைத் தூக்கிப்போட வேண்டியிருக்கிறது. வாங்க ஆளில்லை என்பார்கள். வைத்தால்தானே ஆள் வரும்?

2014 முதல் 2021 டிசம்பர் 8 டோக்கியோ நிகழ்ச்சி வரையான கடைசி அணியில் மூன்று டிரம்ஸ், அதுவும் மேடையின் முன்வரிசையில். வெறும் காட்சிக்கு என்று நினைத்தால் 2016இல் வந்த 'ராடிக்கல் ஆக்ஷன்' நேரடிப் பதிவை ஹெட்போனில் கேளுங்கள். மூன்று பேரும் ஒரே அடியை மூன்று மடங்காக்கவில்லை, பங்கு பிரித்து வாசிக்கிறார்கள். புதிய ஸ்டுடியோ ஆல்பம் ஒன்றும் தராமல் பெரும்பாலும் பழைய பாடல்களையே திறந்து மறுபடி பூட்டிய அணி அது. இதைச் சிலர் தேக்கம் என்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிகழ்ச்சி நடக்கும்போது படம் எடுக்கத் தடை. கடைசியில் லெவின் தன் கேமராவைத் தூக்கினால்தான் பார்வையாளர்களும் எடுக்கலாம்.

செல்வாக்கைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், நான் சுருக்கிக்கொள்கிறேன். 2001இல் அமெரிக்க மெட்டல் குழுவான டூல் தன் சுற்றுப்பயணத்தில் இவர்களைத் தனக்கு முன்னால் வாசிக்க வைத்தது. 2010இல் ராப் பாடகர் கான்யே வெஸ்டின் 'பவர்' பாட்டு, கிங் கிரிம்சனின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொண்டது. 2024இல் பெலூவும் லெவினும், கிட்டார் கலைஞர் ஸ்டீவ் வாய், டூலின் டிரம்ஸ் கலைஞர் டேனி கேரி ஆகியோரோடு 80களின் பாடல்களை மேடையேற்றினார்கள். இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது, 1992இல் ஃப்ரிப்பும் டேவிட் சிங்கிள்டனும் தொடங்கிய டிஜிஎம் என்ற இசை வெளியீட்டு நிறுவனம். அங்கே பதிவின் காப்புரிமை கலைஞரிடமே இருக்கும். ரேடியோவும் பாட்டுக் கம்பெனியும் இதைப் பின்பற்றிவிட்டார்களா என்று கேட்காதீர்கள்.

எந்தப் பதிப்பு என்றால், 2009 முதல் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் செய்த மறுகலவைகள் (ரீமிக்ஸ்) தெளிவானவை. முதல் ஆல்பத்தின் 'மூன்சைல்ட்' மட்டும் அதில் சுமார் இரண்டரை நிமிடம் வெட்டப்பட்டிருக்கிறது. முழுதும் 12 நிமிடம் வேண்டுமானால் பழைய கலவையைத் தேடுங்கள். 2019 முதல் ஸ்ட்ரீமிங்கிலும் இருக்கிறது. செயலியில் ஷஃபிளையும், பாட்டுக்குப் பாட்டு கரைக்கும் கிராஸ்ஃபேடையும், ஒலி அளவைச் சமப்படுத்தும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள். 'லார்க்ஸ் டங்ஸ்' தொடக்கத்தில் தாள வாத்தியக் கலைஞர் ஜேமி மியூரின் கட்டைவிரல் பியானோ மூன்று நிமிடத்துக்குக் கிட்ட மெல்ல ஒலிக்கும். ஒன்றுமே கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டிவைக்காதீர்கள். அதற்கப்புறம் கிட்டார் வரும், ஸ்பீக்கர் உங்களுடையது.