மாங்கூழ்க் கணக்கிலிருந்து பைத்தானுக்கு

கேள்வி: பி.காம். முடித்து, கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். வயது 29. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்காமல் புரோகிராமர் ஆக முடியுமா? — வாசகி, பர்கூர்

பதில்: தாராளமாக. நானே இயற்பியல் படித்து, ஓசூர் பட்டறை ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்தவன்தான். வேலையை மட்டும் இப்போது விடாதீர்கள். உங்கள் பாடமே அங்குதான் இருக்கிறது: விவசாயிவாரியாக எடைச்சீட்டு, லாரி வாடகை, பட்டுவாடா. எக்ஸெலில் ஒரே ஷீட்டில் கிடக்கும் அதையெல்லாம் எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தில் தகவலைச் சேமித்துத் தேடி எடுக்கும் மொழி) டேபிள்களாகப் பிரித்துப் பாருங்கள். எந்த விவசாயிக்கு இன்னும் பாக்கி என்று ஒரு ஜாயின் (டேபிள்களை இணைத்துப் பார்க்கும் கட்டளை) போட்டு எடுத்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அப்புறம் பைத்தான் என்ற புரோகிராமிங் மொழி. ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற கம்ப்யூட்டர் சயின்ஸ் அறிமுகப் பாடம் இணையத்தில் இலவசம். பெங்களூரில் கோச்சிங்குக்குப் பணம் கட்டுமுன் அதை முடியுங்கள். பட்டம் கேட்கும் கம்பெனிகளும் உண்டு. சென்னை ஐஐடியின் ஆன்லைன் பி.எஸ். பட்டப் படிப்புக்கு வயது வரம்பு இல்லை, வேலையோடு படிக்கலாம். சரி, மாம்பழ சீசன் முடிந்ததும் விண்ணப்பியுங்கள்.