கூண்டும் பதிவேடும் ஒத்துப்போகின்றனவா? – வாசகர் கேள்வி பதில்

அறிவியல் ஆராய்ச்சிக்காக விலங்குகளை வைத்திருக்கும் கூடங்களை ஆய்வு செய்து ஒழுங்குபடுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

ஆய்வுக் குழு ஒன்றுக்குப் புதிதாகத் தலைமை ஏற்றிருக்கிறேன். ஆட்கள் குறைவு, கூடங்கள் அதிகம். எங்கே முதலில் போவது? சொல்லிவிட்டுப் போவதா, சொல்லாமல் போவதா?

வரிசைப்படி போனால் ஒழுங்கான இடத்துக்கும் ஓட்டையான இடத்துக்கும் ஒரே நேரம் செலவாகும். ஆபத்தை வைத்துத் தரம் பிரியுங்கள். கடுமையான வேதனை தரும் பரிசோதனைகள் நடக்கும் இடம், குரங்கு, நாய் வைத்திருக்கும் இடம், போன முறை குறை கண்ட இடம், பொறுப்புக் கால்நடை மருத்துவர் அண்மையில் மாறிய இடம் ஆகியவை மேலே வரட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010/63 உத்தரவு ஆண்டுக்குக் குறைந்தது விலங்குகளை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவோரில் மூன்றில் ஒரு பங்கினரையும், குரங்கினங்களை வைத்திருப்போரை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பார்க்கச் சொல்கிறது. ஒரு பகுதி ஆய்வுகள் முன்னறிவிப்பின்றி நடக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இதைக் கீழ்வரம்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்றாடப் பராமரிப்பைப் பார்க்கச் சொல்லாமல் போங்கள். விடுமுறை முடிந்த மறுநாள் காலை, கூண்டு மாற்றும் வேலை தொடங்கும் முன்பு போவது நல்லது. ஆள் குறைந்த நாட்களில் என்ன நடந்தது என்பது அப்போதுதான் கண்ணில் படும். அறுவைசிகிச்சையைப் பார்க்கவும் ஆராய்ச்சியாளரிடம் உட்கார்ந்து பேசவும் வேண்டுமானால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஒரே நாளில் இரண்டு கூடங்களுக்குப் போகாதீர்கள். ஆய்வாளரின் உடையிலேயே கிருமி பயணம் செய்யும். ஒரே கட்டடத்துக்குள்ளும் சுத்தமான அறையில் தொடங்கி, நோய்ப்பட்ட விலங்குகள் இருக்கும் அறையில் முடியுங்கள்.

சுண்டெலி அறைக்குள் நுழைந்ததும் எதைப் பார்க்க வேண்டும்? சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பினால் போதாதா?

போதாது. பட்டியல் அறையின் நிலையைச் சொல்லும், விலங்கின் நிலையைச் சொல்லாது.

எந்தக் கூண்டையும் தொடாமல் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நில்லுங்கள். சுண்டெலி பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதால் ஆள் அரவம் கேட்டதும் வலியை மறைத்துக்கொள்ளும். அரவம் அடங்கிய பிறகுதான் கூனிக் குறுகி ஒதுங்கியிருப்பது எது என்று தெரியும். அதன் முகத்தைக் கவனியுங்கள்: கண் இடுங்குதல், மூக்கு புடைத்தல், கன்னம் புடைத்தல், காது பின்னுக்குப் போதல், மீசை வழக்கத்துக்கு மாறாக நிற்றல். 2010-இல் வெளியான முகச்சுளிப்பு அளவுகோல் இந்த ஐந்துக்கும் தனித்தனியே 0, 1, 2 என்று மதிப்பெண் போடுகிறது. கூடு கட்டக் கொடுத்த காகிதம் அப்படியே கிடந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். வலியில் இருக்கும் சுண்டெலி பெரும்பாலும் சரியாகக் கூடு கட்டுவதில்லை.

தண்ணீர் பாட்டில் நிறைந்திருப்பதைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். குழாய் முனையில் உள்ள சின்னக் குண்டை விரலால் தள்ளிப் பாருங்கள், சொட்டு வர வேண்டும். எப்போதும் நிறைந்தே இருக்கும் பாட்டில் அடைத்துக்கொண்ட பாட்டிலாக இருக்கலாம். கசியும் பாட்டிலும் ஆபத்துதான். படுக்கைத் தூள் ஊறி, ரோமம் நனைந்து, குட்டிகள் குளிரில் ஒரே இரவில் செத்துவிடும்.

அடுத்தது பதிவேடு. ஒரே ஒரு கூண்டு அட்டையைத் தேர்ந்தெடுத்து அந்த விலங்கைக் காகிதத்தில் தொடருங்கள். அறுவைசிகிச்சை என்றைக்கு? வலி நிவாரணி எத்தனை மணிக்கு, எத்தனை முறை, யார் கொடுத்தது? சனி, ஞாயிறு கையெழுத்துகள் ஒரே மையில் ஒரே மூச்சில் போட்டவைபோல் இருந்தால் கதவின் நுழைவுப் பதிவோடு ஒத்துப் பாருங்கள். எடுத்த ரத்தத்தின் அளவையும் கணக்குப் போடுங்கள். 25 கிராம் சுண்டெலியின் உடலில் சுமார் 1.8 மில்லி ரத்தம்தான் ஓடுகிறது. ஒரு தடவையில் அதில் 10 விழுக்காடு, அதாவது 0.18 மில்லிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு.

எடைப் பதிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எடை 20 விழுக்காடு குறைந்தால் பரிசோதனையை நிறுத்த வேண்டும் என்று அனுமதியில் எழுதியிருக்கும். எடை பார்ப்பதோ வாரம் ஒரு முறை. அந்த எல்லை காகிதத்தில் மட்டுமே இருக்கிறது என்று அர்த்தம். புற்றுக்கட்டி வளர்க்கும் பரிசோதனையில் இன்னும் மோசம். உடல் 2 கிராம் இளைத்திருக்கும், கட்டி 2 கிராம் ஏறியிருக்கும், தராசு எதையும் காட்டாது. முதுகெலும்பை விரலால் தடவிப் பாருங்கள். முட்கள்போல் தட்டுப்பட்டால் விலங்கு இளைத்துவிட்டது. வளரும் குட்டிகளுக்கு ஆரம்ப எடையோடு ஒப்பிடுவது தவறு, அதே வயதுள்ள ஆரோக்கியமான விலங்கின் எடையோடு ஒப்பிட வேண்டும்.

விலங்குகளைக் கருணைக்கொலை செய்யும் கரியமில வாயுப் பெட்டியில் என்ன கோளாறு அடிக்கடி வருகிறது?

வாயு பாயும் வேகம். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல்படி நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 விழுக்காடு வாயு பாய வேண்டும். 20 லிட்டர் பெட்டிக்கு நிமிடத்துக்கு 6 முதல் 14 லிட்டர். பல இடங்களில் வாயு பாயும் வேகத்தை அளக்கும் ஓட்டமானியே இருக்காது, திருகைத் திறப்பவரின் கைப்பழக்கம்தான் அளவு. இல்லாவிட்டால் பழைய பெட்டிக்கு எழுதி ஒட்டிய எண்ணையே புதிய பெரிய பெட்டிக்கும் வைத்திருப்பார்கள். முன்னதாகவே வாயு நிரப்பிய பெட்டியில் விழிப்போடு இருக்கும் விலங்கைப் போடக் கூடாது. மூச்சு நின்றதோடு முடிந்துவிடாது. கழுத்தெலும்பை விலக்குவது போன்ற இரண்டாவது முறையால் சாவை உறுதிசெய்ய வேண்டும். பிறந்து சில நாளே ஆன குட்டிகள் இந்த வாயுவை நெடுநேரம் தாங்கும், பெரியவற்றுக்கான நேரம் அவற்றுக்குப் போதவே போதாது. பணியாளரிடம் "செய்து காட்டுங்கள்" என்று கேளுங்கள். விளக்கச் சொன்னால் எல்லோரும் சரியாகவே சொல்வார்கள்.

நெறிமுறைக் குழு அனுமதித்த பிறகு ஆய்வாளர் எதற்கு?

குழு பார்த்தது திட்டத்தை. விலங்குக்கு மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, துன்பத்தைத் தணிக்க முடியுமா என்று ரஸ்ஸல், பர்ச் என்ற அறிவியலாளர்கள் 1959-இல் வகுத்த மூன்று கேள்விகளையும் கேட்டுத்தான் அனுமதி தந்திருப்பார்கள். நடப்பது அந்தத் திட்டம்தானா என்பதை வெளியிலிருந்து ஒருவர் பார்த்தாக வேண்டும்.

ஒரே குறைக்கு என் குழுவில் ஒருவர் எச்சரிக்கிறார், இன்னொருவர் உரிமத்தை நிறுத்தச் சொல்கிறார். என்ன செய்வது?

இதைச் சரிசெய்வதுதான் தலைவரின் முதல் வேலை. ஒவ்வொரு குறைக்கும் நான்கு கேள்விகளை எழுத்தில் கேட்க வையுங்கள். விலங்குக்கு நேர்ந்த துன்பம் எவ்வளவு? தெரிந்தே செய்ததா? முன்பும் நடந்ததா? அவர்களாகவே வந்து சொன்னார்களா? பழைய அறிக்கைகளிலிருந்து சிலவற்றைப் பெயர் நீக்கி எடுத்து, ஆய்வாளர்கள் தனித்தனியே முடிவெழுதிய பின் சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிடுங்கள். எந்தக் கேள்வியில் பிரிகிறீர்கள் என்பது அப்போது தெரியும்.

தானாக வந்து சொன்னவருக்கும் மறைத்தவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால் அடுத்த முறை யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விலங்கு இப்போதும் துன்பப்பட்டுக்கொண்டிருந்தால் இந்த விவாதம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. கால்நடை மருத்துவரை உடனே அழைத்து வலியைத் தணிக்கச் செய்யுங்கள் அல்லது கருணைக்கொலைக்கு உத்தரவிடுங்கள். அறிக்கையை அதன் பிறகு எழுதலாம். அதில் "பராமரிப்பு திருப்தியில்லை" என்று எழுதாமல் அறை எண், கூண்டு எண், நேரம், கண்டது, மீறிய விதி, சரிசெய்ய வேண்டிய தேதி என்று எழுதுங்கள். அந்தத் தேதியில் அதே கூண்டு வரிசையை மறுபடி போய்ப் பார்ப்பவர் யார் என்பதையும் அன்றைக்கே முடிவுசெய்துவிடுங்கள்.