வாசகர் கேள்வி: மகளின் வளைந்த கால்

கேள்வி: மகளுக்கு மூன்று வயது. நடக்கத் தொடங்கியதிலிருந்தே கால்கள் வில்லாக வளைந்திருக்கின்றன. எந்நேரமும் மூடுபனி, வெயில் படாததால்தான் என்றார்கள். மாதக்கணக்கில் வைட்டமின் டி கொடுத்தும் மாற்றமில்லை. அவள் அப்பாவும் குட்டை, அவருக்கும் கால் வளைவு. இது பரம்பரையா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அப்பாவைப் பற்றி எழுதினீர்களே, அதுதான் முக்கியம். பனியை விடுங்கள். வெறும் வைட்டமின் டி குறைவு என்றால் இதற்குள் எக்ஸ்ரேயிலாவது முன்னேற்றம் தெரிந்திருக்கும். எக்ஸ்எல்ஹெச் என்ற மரபுக் கோளாறா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதில் பெக்ஸ் என்ற மரபணு பழுதாகி, எஃப்ஜிஎஃப்23 என்ற ஹார்மோன் கூடிப்போய், எலும்புக்கு வேண்டிய பாஸ்பேட்டைச் சிறுநீரகம் வெளியே விட்டுவிடும், நீங்கள் எவ்வளவு பாலும் கேழ்வரகும் கொடுத்தாலும் சரி. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால், அப்பாவுக்கு இருந்தால் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் வரும், மகன்களுக்குப் போகாது. (வீட்டில் யாராவது உங்களைக் குறை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.)

இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பேட் பார்க்க வேண்டும். குழந்தைகளுக்கு இயல்பு அளவே பெரியவர்களைவிட அதிகம், அதனால் பெரியவர்களுக்கான அளவோடு ஒப்பிட்டு ‘நார்மல்’ என்றால் நம்பாதீர்கள். கோவைக்கு இறங்கி, குழந்தைகளுக்கான ஹார்மோன் மருத்துவரைப் பாருங்கள். பாஸ்பேட் மருந்தை நாளுக்குப் பலமுறை பிரித்துக் கொடுத்து, கூடவே கால்சிட்ரியால் (வைட்டமின் டியின் செயல்படும் வடிவம்) தருவார்கள். இந்த மருந்துகளால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படியலாம், அதற்கு அவ்வப்போது ஸ்கேன் அவசியம். எஃப்ஜிஎஃப்23ஐ அடக்கும் புரோசுமாப் என்ற ஊசி 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்கொரு முறை. விலைதான் மலைக்க வைக்கும். அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள், மருந்திலேயே பல குழந்தைகளுக்கு வளைவு குறைகிறது. அப்புறம், இந்தக் கோளாறில் சொத்தையே இல்லாமல் பல்லடியில் சீழ் கட்டலாம், பல் மருத்துவரிடமும் காட்டி வையுங்கள்.