அமெரிக்கக் கால்பந்தில், தாக்குதலை வழிநடத்தும் வீரரான குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கர் இருக்கும்போது, பயிற்சியாளர் ஏன் ஆட்டம் முழுவதும் பேசி வழிநடத்துவதில்லை?

பேச விடுவதில்லை என்பதுதான் நேரான பதில். அந்த விளையாட்டின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். போட்டிகளில் ஒரு நகர்வு முடிந்ததும் அடுத்த நகர்வைத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் 40 விநாடிகள் தரப்படுகின்றன. கடிகாரத்தில் 15 விநாடிகள் மீதமிருக்கும்போது, அல்லது அதற்கு முன்பே பந்து ஆட்டத்துக்கு வந்துவிட்டால் அந்தக் கணத்தில், ஹெல்மெட்டுக்குப் போகும் இணைப்பு துண்டிக்கப்படும். ஆக, பயிற்சியாளர் பேசக் கிடைப்பது அதிகபட்சம் 25 விநாடிகள். அதுவும் ஒருவழிப் பேச்சுதான். வீரர் காதில் வாங்கிக்கொள்ளலாம், திருப்பிக் கேட்க முடியாது.

கிளீவ்லாந்தில் சில ஆண்டுகள் வேலை பார்த்தபோது, ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கும் ஒரு டிசம்பர் ஞாயிறன்று அங்குள்ள மைதானத்துக்குப் போயிருந்தேன். ஹெல்மெட்டின் பின்புறம் சிறிய பச்சைப் பொட்டு ஒன்று ஒரே ஒரு வீரருக்கு மட்டும் ஒட்டியிருந்ததைப் பார்த்து, ஏதோ விளம்பர ஸ்டிக்கர் என்றே முதலில் நினைத்தேன். உள்ளே ஸ்பீக்கர் இருப்பதற்கான அடையாளம் அது என்பதைப் பக்கத்து இருக்கைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தாக்கும் அணியிலும் சரி, தடுக்கும் அணியிலும் சரி, ஒரு நேரத்தில் களத்தில் ஒருவருக்குத்தான் அந்தப் பொட்டு இருக்கலாம்.

அன்று இன்னொன்றையும் கவனித்தேன். விருந்தினர் அணியின் குவார்ட்டர்பேக் ஒவ்வொரு முறையும் ஹெல்மெட்டின் இரண்டு காதுத் துளைகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றார். கூட்டத்தின் இரைச்சலில் ஸ்பீக்கர் ஒலி அமுங்கிப்போகிறது. கன்சாஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானத்தில் 2014-இல் ரசிகர்கள் எழுப்பிய சத்தம் 142.2 டெசிபல் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. அதற்கு நடுவில் கேட்க வேண்டியது 'ஸ்பைடர் 2 ஒய் பனானா' போன்ற சங்கேதச் சொற்றொடர்களை. இது குட்டையானது, இரண்டு மூன்று மடங்கு நீளமானவையும் உண்டு. கேட்டதைப் பிழையில்லாமல் மற்றப் பத்துப் பேருக்கும் ஒப்பிக்க வேண்டியதும் அவருடைய பொறுப்புதான். அதனால்தான் பலர் எண்ணிட்ட நகர்வுப் பட்டியலை மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள். பயிற்சியாளர் எண்ணை மட்டும் சொன்னால் போதும்.

கிளீவ்லாந்துக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு சொந்தப் பெருமை உண்டு, ஏனென்றால் இது தொடங்கியதே அவர்கள் ஊரில்தான். பிரவுன்ஸ் அணியின் பயிற்சியாளர் பால் பிரவுன், நகர்வுக்கு ஒரு வீரராக மாற்றி மாற்றி உள்ளே அனுப்பி, அவர்கள் வாய்வழியாகத் தம் உத்தரவைச் சேர்த்துக்கொண்டிருந்தவர். 1956-இல் ஒஹாயோவைச் சேர்ந்த இரண்டு கண்டுபிடிப்பாளர்கள் செய்துகொடுத்த வானொலி வாங்கியை, ஜார்ஜ் ராட்டர்மன் என்ற குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் அவர் பொருத்திவிட்டார். ஆனால் பூட்டில்லாத அலைவரிசையை யார் வேண்டுமானாலும் கேட்கலாம் அல்லவா? அந்த அக்டோபரில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியினர் தங்கள் பெஞ்சிலேயே ஒரு வாங்கியை வைத்துக்கொண்டு பிரவுன்ஸின் உத்தரவுகளை ஒட்டுக்கேட்டதாகச் சொல்லப்படுகிறது. ஆட்டத்தை அவர்கள் 21-9 என்று வென்றார்கள். சில நாட்களிலேயே லீக் ஆணையர் பெர்ட் பெல் அந்தக் கருவிக்குத் தடை போட்டார். தடை நீங்க 1994 ஆயிற்று.

அப்போதும் தாக்கும் அணிக்கு மட்டுமே அனுமதி தந்தார்கள். தடுக்கும் அணி இன்னும் பதினான்கு ஆண்டுகள் கைச்சைகையை நம்பியே இருந்தது. ஜெட்ஸ் அணியின் தடுப்புச் சைகைகளைப் படம்பிடித்ததற்காக, 2007-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பயிற்சியாளர் பில் பெலிசிக்குக்கு 5 லட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்ட பிறகே, 2008-இல் தடுப்பு வீரர் ஒருவருக்கும் ஸ்பீக்கர் கிடைத்தது. பல்கலைக்கழகங்களின் உச்சப் பிரிவிலும் ஏறக்குறைய இதே கதைதான்: 2023-இல் சைகைத் திருட்டுப் புகார் பெரிதாக வெடித்தது, 2024-இல் ஹெல்மெட் வானொலி வந்தது. நேர்மையாகச் சொன்னால், திருட்டுக்குப் பயந்தே இந்த விளையாட்டு இந்த இரண்டு முறையும் வானொலியிடம் போயிருக்கிறது.

இனி அந்த 15 விநாடிக்கு வருகிறேன். கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு 1999 உலகக் கோப்பை நினைவிருக்கலாம். ஹோவ் மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவின் கேப்டன் ஹன்சி குரோனியேவும் ஆலன் டொனால்டும் காதில் கருவியுடன் இறங்கினார்கள். பயிற்சியாளர் பாப் உல்மர் வெளியிலிருந்து பேசினார். குடிநீர் இடைவேளையில் கழற்றச் சொல்லிவிட்டார்கள். கிரிக்கெட்டில் களத்து முடிவு கேப்டனுடையது என்ற எண்ணம் அவ்வளவு ஆழமானது. அமெரிக்கக் கால்பந்தில் அந்த எண்ணம் வேரூன்றவில்லை. எந்த நகர்வு என்பதைப் பெரும்பாலும் பயிற்சியாளரே தீர்மானிக்கிறார். ஆனால் வரிசை கட்டி நின்றபின் எதிரணியின் நிலையைப் படித்து, தேவையானால் கடைசி நொடியில் திட்டத்தை மாற்றுவது குவார்ட்டர்பேக்கின் திறமை. அந்தத் திறமையைக் காப்பாற்றத்தான் இணைப்பை அறுக்கிறார்கள் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

விதி இருந்தால் சந்தும் இருக்கும். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் பயிற்சியாளர் ஷான் மெக்வே, 2017-இலும் 2018-இலும் தம் வீரர்களை வெகு சீக்கிரமே வரிசையில் நிற்கவைத்தார். கடிகாரத்தில் 15-க்கு மேல் இருக்கும்போதே எதிரணி எப்படி நிற்கிறது என்று அவரே பார்த்து, இளம் குவார்ட்டர்பேக் ஜாரெட் காஃபின் காதில் சொல்லிவிடலாம் அல்லவா? விதிமீறல் எதுவும் இல்லை. கெட்டிக்காரத்தனம் என்றே நான் சொல்வேன். 2019 பிப்ரவரியில் சூப்பர் பவுல் எனப்படும் லீக்கின் இறுதிப் போட்டியில் அவர் எதிர்கொண்டது அதே பெலிசிக்கை. பேட்ரியாட்ஸ் தடுப்பு வீரர்கள் முன்கூட்டியே இரண்டு திட்டங்களைப் பேசிவைத்துக்கொண்டு, முதல் திட்டத்தின்படி நின்று காட்டி, இணைப்பு அறுந்த பிறகு இரண்டாவதற்கு மாறினார்கள் என்று அப்போது எழுதப்பட்டது. மெக்வே பார்த்துச் சொன்னது ஒன்று, பந்து வந்தபோது காஃபின் முன்னால் இருந்தது வேறொன்று. ராம்ஸ் அந்த ஆட்டம் முழுவதிலும் எடுத்தது 3 புள்ளிகள்; பேட்ரியாட்ஸ் எடுத்தது 13.