ஹிஜ்ரி 61 + 622 = 683 ஏன் தவறு?

நபியின் பேரர் ஹுசைன் கொல்லப்பட்ட கர்பலாப் போர் நடந்த ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) 61-ஐக் கி.பி.க்கு மாற்றினால் 683 வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். கர்பலாவுக்கு கி.பி. 680தான் சரி. ஹிஜ்ரி 61-உடன், ஹிஜ்ரி தொடங்கிய 622-ஐ நேராகக் கூட்டியதால்தான் உங்களுக்கு 683 வந்திருக்கிறது.

ஹிஜ்ரி பிறைக் கணக்கு. ஆண்டுக்கு 354 அல்லது 355 நாள்தான். வருடம் சுமார் 11 நாள் குறைய, 61 ஆண்டில் ஏறக்குறைய இரண்டு வருடம் கரைந்துவிடும்.

இப்படிப் போட்டுப் பாருங்கள்: 61 × 0.97 (அதாவது 354 ÷ 365) = 59.2; ஹிஜ்ரி 1 தொடங்கியது 622-ன் நடுவில் என்பதால், அதற்கு ஓராண்டு முன்னதான 621.6-ஐ அதோடு கூட்டினால் 680.8. அதாவது அந்த ஆண்டின் முதல் மாதமான முஹர்ரம் 680 அக்டோபரில் தொடங்கியது. கர்பலாப் போர் நடந்த ஆஷூரா நாள் அந்த மாதம் 10-ஆம் நாள் என்பதால் ஆண்டு மாறாது. கடைசி மாதமான துல்ஹஜ்ஜில் நடந்த நிகழ்வென்றால் கவனம், அடுத்த கி.பி. ஆண்டுக்குள் போய்விடும்.

ஹிஜ்ரி 10-க்கு முந்தைய தேதிகளில் இதை அப்படியே நம்பாதீர்கள். அரபிகள் இடையிடையே கூடுதல் மாதம் சேர்க்கும் வழக்கம் (நஸீஉ) அதுவரை இருந்ததால், சில மாதம் பிசகலாம்.