ஒரே வார்ப்புருவில் பல தளங்கள்

கேள்வி: பத்தமடைப் பாய், காருகுறிச்சி மண்பாண்டம் விற்போர் பலருக்கு, ஏறக்குறைய ஒரே அமைப்பிலான இணையதளங்களை விரைவாக உருவாக்க இயலுமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இயலும். ஒரே நிறுவலில் பல தளங்களை நடத்தும் மல்டிசைட் வசதி, 2010-இல் வெளிவந்த 3.0 பதிப்பிலிருந்தே இணையதளங்களை உருவாக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளுடன் இணைந்துள்ளது. பொதுவான அமைப்பைத் தாய் வார்ப்புருவில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் அடிப்படைக் கோப்புத் தொகுப்பு) வைத்துக்கொண்டு, கடைக்குக் கடை மாறும் நிறம், எழுத்துரு, முகப்பு ஆகியவற்றை அதைச் சார்ந்து இயங்கும் சேய் வார்ப்புருவில் மட்டும் திருத்தினால், பின்னாளில் தாய் வார்ப்புருவைப் புதுப்பிக்கும்போது அத்திருத்தங்கள் அழியாமல் நிற்கும். வடிவம் ஒன்றாக இருக்கலாம். எழுத்தும் படமும் அப்படி இருக்கலாகாது. ஒரே பத்தியைப் பத்துத் தளங்களில் ஒட்டினால், கூகுள் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றை மட்டுமே தேடலில் காட்டும். கோரையை ஊறவைப்பதையும் நெய்வதையும் அந்தந்த நெசவாளரிடமே கேட்டு எழுதுங்கள் (அவர்கள் சொல்வதே சுவையாகவும் இருக்கும்). மல்டிசைட்டில் எல்லாத் தளங்களுக்கும் தரவுத்தளம் (உள்ளடக்கம் சேமிக்கப்படும் இடம்) பொதுவானது என்பதால், பிரிந்து செல்ல விரும்புபவரின் தளத்தைத் தனியே பெயர்த்தெடுப்பது சிரமம். அத்தகையோருக்குத் தொடக்கத்திலேயே தனி நிறுவல் செய்து கொடுத்துவிடுங்கள்.