தூணுக்கும் கதவுக்கும் விலை பேசிவிட்டார்கள்: பூர்வீக வீட்டின் விற்பனையைத் தடுத்து நிறுத்த முடியுமா?

கேள்வி: காரைக்குடிக்கு அருகே ஒரு பேரூரின் கடைத்தெருவில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது. ஐயாவின் (தாத்தாவின்) தகப்பனார் 1922-ல் கட்டியது. அப்பச்சி (அப்பா) பத்து வருடத்துக்கு முன் காலமானார், ஆத்தாவும் (அம்மாவும்) இல்லை. நான் ஒரே மகள். பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் தேக்குத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் பழம்பொருள் வியாபாரிக்குக் கொடுத்துவிட்டு, மனையை வணிக வளாகம் கட்டுபவருக்கு விற்கப் பேசியிருக்கிறார்கள். பெண்ணுக்கு வளவில் (வீட்டின் நடு முற்றப் பகுதியில்) பங்கில்லையாம். செட்டிநாடு யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறதே, அதைச் சொல்லித் தடுக்கலாமா?

பதில்: யுனெஸ்கோவை நம்பி உட்காராதீர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் அதன் உத்தேசப் பட்டியலில், அதாவது உலகப் பாரம்பரியத் தகுதிக்காகக் காத்திருக்கும் பட்டியலில், இருப்பது உண்மை. ஆனால் அதை வைத்து உங்கள் வீட்டின் கூரை ஓடு ஒன்றைக்கூடக் காப்பாற்ற முடியாது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு 2024-ல்தான் நடைமுறைக்கு வந்தது. உங்கள் வீடு முறைப்படி அறிவிக்கப்பட்டிருந்தால் ஒழிய, இப்போதைக்கு அதுவும் கை கொடுக்காது. விண்ணப்பம் போடுங்கள், தவறில்லை. அதற்குள் தூண் லாரி ஏறிவிடும்.

உங்கள் பலம் உங்கள் பங்கில் இருக்கிறது. "பெண்ணுக்குப் பங்கில்லை" என்பது வெறும் பேச்சு. மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு கொடுத்த 2005 திருத்தம்கூட உங்களுக்கு அவசியமில்லை. அப்பச்சியின் பங்கு அவருடைய ஒரே வாரிசான உங்களுக்குத்தான் வரும், 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே அதற்கு வழி உண்டு. மூன்றில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். அத்தைமார் இருக்கிறார்களா, ஐயா காலமானது அந்தச் சட்டம் அமலுக்கு வந்த 1956 ஜூன் 17-க்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறலாம். வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் ஏதாவது இருந்து, அறைகள் பங்குக்கு, முகப்பும் வளவும் பொதுவுக்கு என்று எழுதியிருந்தால், பொதுவில் உள்ள தூணை ஒருவர் தன்னிஷ்டத்துக்கு விற்க முடியாது.

இந்த வாரமே பாகப்பிரிவினை வழக்குப் போடுங்கள். கூட்டு அனுபவத்தில் இருப்பதாகக் காட்ட முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் பெரிதாக வராது. உங்கள் சாவி, உங்கள் பூட்டுப் போட்ட அறை, வீட்டுவரி ரசீது எல்லாம் அதற்கு உதவும். கூடவே உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 39-ல் இடைக்காலத் தடை கேளுங்கள், கட்டளை 26-ல் வழக்கறிஞர் ஆணையரை அனுப்பச் சொல்லுங்கள். அவர் வந்து எத்தனை தூண், எத்தனை கதவு, என்ன நிலையில் இருக்கிறது என்று படத்தோடு அறிக்கை கொடுத்துவிட்டால், அப்புறம் ஒரு கதவு காணாமல் போனாலும் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தான்.

வியாபாரிக்கும் ஒரு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். 1972-ம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி, நூறு வருடம் கடந்த கட்டடத்திலிருந்து கழற்றிய பொருளும் தொல்பொருளாகலாம். அதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. உரிமம் உள்ளவர் உள்நாட்டில் வாங்குவதை இது தடுக்காது. ஆனால் வழக்கில் உள்ள பொருள் என்று தெரிந்தால் பெரும்பாலோர் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இனி முக்கியமான இடம். வீட்டைப் பிரிக்க முடியாது, ஏலம் விடுங்கள் என்று நீங்கள் மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். பாதி அல்லது அதற்கு மேல் பங்குள்ளவர்கள் 1893 பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 2-ல் விற்பனை கேட்கலாம். அவர்களுக்கு மூன்றில் இரண்டு இருப்பதால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். கேட்ட உடனே பிரிவு 3 உங்களுக்குத் திறக்கிறது: நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு அவர்கள் பங்கை நீங்களே வாங்கிக்கொள்கிறேன் என்று மனுப் போடலாம்.

அவர்கள் வழக்குக்கு வெளியே தங்கள் பங்கை மட்டும் கட்டுநருக்கு எழுதிக் கொடுத்தால்? குடும்பம் குடியிருக்கும் வீட்டில் அந்நியர் பங்கு வாங்கினாலும், சொத்துமாற்றுச் சட்டம் பிரிவு 44-ன்படி கூட்டு அனுபவம் கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால் பாகப்பிரிவினைச் சட்டம் பிரிவு 4-ல் மதிப்பு விலைக்கு வாங்கும் உரிமை உங்களுக்கு. முகப்பைக் கடைக்கு வாடகைக்கு விட்டிருந்தால் "இது குடியிருப்பு வீடே இல்லை" என்று வாதம் வரும். ஆகவே பொங்கல், படைப்பு (முன்னோர் வழிபாடு), கல்யாணம் அந்த வீட்டில் நடந்ததற்கான படங்கள், அழைப்பிதழ்களைச் சேர்த்து வையுங்கள்.

மதிப்பு என்று வரும்போது கடைத்தெரு மனைக்குத்தான் விலை, வீட்டுக்கு அல்ல. அந்தப் பணத்தை உங்களால் புரட்ட முடியாதென்றால், தடை உத்தரவு கையில் இருக்கும்போதே சமரசம் பேசுங்கள். பின்கட்டையும் தோட்டத்தையும் அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும், முகப்பும் வளவும் உங்கள் பங்குக்கு வரட்டும். மதிப்பு வித்தியாசத்தைப் பணமாக ஈடு செய்யலாம்.